படகைப் பிடிக்காதவள்

கெம்ச்சியில் கடல் ஆறு மணி நேரம் விலகி நிற்கும்.
அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது படகு.
முப்பத்தோரடி, சைப்ரஸ் பலகை,
போன வாரம் அடித்த மஞ்சள் பெயின்ட்.
சிலோயேத் தீவின் மழை
அதன்மேல் ஒட்டாமல் வழிந்தது.

ஏற்கெனவே இரண்டு முறை வந்து தட்டிப் போயிருந்தேன்.
இரண்டு முறையும் எல்லாம் கணீரென்றுதான் கேட்டது.
இரண்டாம் முறை திரும்புகையில்
பேருந்துக் கம்பியைப் பிடித்திருந்த கைக்கு
திடீரென்று ஞாபகம் வந்தது:
பின்னணியத்தின் இடது மூலையில் மட்டும்
சுத்தியலை விரல் நுனியால் பிடித்திருந்தேன்,
குழந்தை தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன்போல.

வாங்க ஆசைப்பட்டவன் தட்டக் கூடாது.

அதனால் எதெல்மிராவைக் கூட்டிவந்தேன்.
மனைவியின் தங்கை.
காஸ்ட்ரோவில் பல் மருத்துவரிடம் உதவியாளர்.
படகைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.
இரவல் பூட்ஸ், ஒரு அளவு பெரிது.
கொக்கிபோல் வளைந்த ஊசியொன்றைக்
கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

விற்பவர் லிபோரியோ பர்ரியா
சற்றுத் தள்ளி நின்று சிகரெட்டை மழையிலிருந்து காத்தார்.

கண். கண். கண்.
அவள் கை ஓங்கி விழுந்தது,
யார் வீட்டுப் பொருளோ என்பதுபோல.
கண். கண்.
ஏராக்கட்டை நெடுக நல்ல சத்தம்.
எனக்குப் பெருமை, நான் செய்த படகுபோல.

"கடல் மரத்தைத் தின்னாது" என்றேன், தெரிந்தவனாக.
"உப்பு ஊறுகாய் போட்டுவிடும். தின்பது மழைத்தண்ணீர்."

"அப்ப மழை எங்க தேங்குதுன்னு காட்டு."

இதை நான் கேட்டுக்கொண்டதில்லை.

மேலே ஏறினோம்.
தளத்தின் விளிம்பில், பலகை மடியும் இடத்தில்,
விரல் அகலத்துக்கு ஒரு குளம்.
அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சோடு,
உத்திரங்களின் முனையை ஒவ்வொன்றாகக் குத்தினாள்.
முதலாவது கெட்டி. இரண்டாவது கெட்டி.
மூன்றாவதில் ஊசி
கேள்வி கேட்காமல் உள்ளே போயிற்று.
வெளியே இழுத்தபோது
நுனியில் ஈரப் புகையிலைபோல் ஏதோ.
முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.
அடைத்துவைத்த அறையில் முளைத்த காளான்.

அடிவயிற்றில் சிமென்ட் கொட்டியிருந்தது.
"யார் அடைச்சது?"
"முன்னால் வைத்திருந்தவர்" என்றார் லிபோரியோ கீழேயிருந்து.
"சொத்தையைச் சுரண்டிட்டு அடைச்சாரா, அப்படியேவா?"
அவர் சிகரெட்டைப் பார்த்தார்.

கடைசியாகப் பின்னணியம்.
இடது மூலை.
நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொத்.

அவ்வளவுதான் சத்தம்.
ஈரத் தலையணையை அடித்ததுபோல.
மஞ்சள் பெயின்ட் உடையக்கூட இல்லை, அமுங்கியது.
ஊசியை விட்டு என் பேனாக்கத்தியை வாங்கினாள்.
கைப்பிடி வரை இறங்கியது கத்தி.
கறுத்த ஆணியொன்று
அழுகிய ஈறிலிருந்து பல் வருவதுபோல்
அவள் விரலோடு வந்துவிட்டது.

"வங்குக்கால் ரெண்டு, உத்திர முனை மூணு, இந்த மூலை முழுசும்.
சிமென்டுக்கு அடியில என்னன்னு எனக்குத் தெரியாது.
மத்ததெல்லாம் நல்ல பல்லு" என்றாள்.
"வாங்குறதும் வாங்காததும் உன் பாடு.
எனக்குப் பிடிக்கல."

அதற்குள் கடல் திரும்பியிருந்தது.
முதலில் பூட்ஸின் அடி, பிறகு கணுக்கால்.
நாங்கள் பேசி முடிக்கவில்லை,
தண்ணீர் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது.

அப்போதுதான் லிபோரியோ வந்தார்.
ஒன்றும் சொல்லாமல்
கோட்டுப் பையிலிருந்து ஒரு கந்தலை எடுத்தார்.
ஏற்கெனவே கொழுப்பு தடவியது.
ஏற்கெனவே அளவாகக் கிழித்தது.
கட்டைவிரலால் அழுத்தினார்.
சரியாகப் பொருந்தியது.

மூன்று பேரும் அந்தக் கந்தலையே பார்த்தோம்.

"பாதி விலை" என்றேன்.
"பாதிக்கும் கீழே" என்றாள் அவள்.
லிபோரியோ கட்டைவிரலை எடுக்கவில்லை.
தண்ணீர் எங்கள் முழங்காலுக்கு வந்திருந்தது.